தோணிரேவில் குதிகால் உயர்ந்த வரலாறு

தோணிரேவுப் பெண்கள் கேட்டது ஒரு படகுத்துறை. கிடைத்தது ஹைஹீல்ஸ். இரண்டுக்கும் நடுவில் நடந்ததற்கு நிர்வாகம் என்று பெயர்.

அவர்கள் கேட்டது ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. ஏரியில் இறால் பிடித்துத் திரும்புகிற தோணி கரைக்கு வெகு தூரம் முன்பே சேற்றில் தட்டி நின்றுவிடும். அங்கிருந்து இறங்கி, தலையில் கூடையோடு தொடையளவு சேற்றில் நடந்து வர வேண்டும். சேற்றுக்குள் சிப்பிகள் கத்தியை நிமிர்த்தி வைத்ததுபோல் காத்திருக்கும். போன மழைக்கு அப்படி ஒரு சிப்பி ஜமுனாவின் வலது உள்ளங்காலைக் கிழித்தது. சீழ் வைத்து, பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மழைக்காலம் முழுக்க அவள் வீட்டுக்குள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள். தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கிறவளுக்கு மழைக்காலம்தான் வருமானக் காலம். எழுந்து நடந்த அன்றைக்கே ஊர்ப் பெண்களைக் கூட்டினாள். “தோணி நிக்கிற எடம் வரைக்கும் சிமெண்டுல ஒரு துறை. அடுத்த மழைக்குள்ள. வேற இன்னா கேக்கப் போறோம்?” என்று மனு எழுத வைத்தாள்.

மனு ஊர் சுற்றக் கிளம்பியது. மீனைப் பார்த்துக்கொள்கிற அலுவலகம், “சேறு எங்களுடையதல்ல” என்றது. சேற்றைப் பார்த்துக்கொள்கிற அலுவலகம், அங்கே பறவை வந்து நிற்பதால் தன்னால் ஆகாது என்றது. பறவையைப் பார்த்துக்கொள்கிற அலுவலகம், பறவைகள் யாரும் துறை கேட்கவில்லை என்று பதில் எழுதியது. கடைசியில் மனு போய் விழுந்த இடம் ‘கடலோர மகளிர் பாத நல வாரியம்.’ அப்படி ஒரு வாரியம் இருப்பது அதே கட்டடத்தின் கீழ் மாடிக்காரர்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

வாரியத்தின் இயக்குநர் விஜயராகவன் நேரிலேயே வந்துவிட்டார். தார்ச்சாலை எங்கே முடிகிறதோ அங்கே ஜீப்பை நிறுத்தி, தார் விளிம்பில் நின்று பேசினார்.

“சகோதரிகளே, உங்கள் மனுவைப் படித்துக் கண் கலங்கினேன். கால் எங்கள் வாரியத்தின் பொறுப்பு. கால் படுகிற சேறு வேறு அலுவலகத்தின் பொறுப்பு. சேற்றை நாங்கள் தொட்டால் அது அத்துமீறல். ஆகவே சேற்றை அப்படியே விட்டுவிட்டுக் காலை மட்டும் உயர்த்துவது என்று நிபுணர் குழு முடிவு செய்திருக்கிறது. நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சேற்றில் கால் வைத்தவனில்லை. அந்தப் பாக்கியம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கனவு.”

ஜீப்பின் பின்கதவு திறந்தது. பெட்டி பெட்டியாகச் செருப்பு. பளபளவென்று சிவப்பு நிறம், நாலு விரல் உயரத்துக்குக் குதி, முனையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் அடி. வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய சரக்கு என்பது ஊரின் பேச்சு. உலகத் தரம் என்பது வாரியத்தின் பேச்சு. இரண்டும் ஒரே பெட்டியைப் பற்றியதுதான்.

ஜமுனா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சார், இதுல குதிகாலு மட்டுந்தான மேல போவுது? முன்கால் சேத்துலயேதான இருக்குது?”

“முன்கால் இரண்டாம் கட்டம்” என்றார் இயக்குநர்.

அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் வேலம்மா. நண்டு ஏலத்தில் அவள் வாயைத் திறந்தால், வெளியூர் வியாபாரிகள் விலையைக் கேட்குமுன்பே பெருமூச்சு விடுவார்கள். அவள் குதியைச் சுண்டிப் பார்த்தாள்.

“இன்னா வெல?”

“இலவசம்மா.”

“ஓசியா? அப்போ இதுல இன்னாவோ வில்லங்கம் கீதுடி ஜமுனா.”

மறுநாள் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஏரிப் பெண்களுக்குக் காலைத் தூக்கி வைத்து நடக்கிற பழக்கம் கிடையாது. சேற்றுக்குள் திருக்கை படுத்திருக்கும். மிதித்தால் வால் முள்ளால் அடிக்கும். அதனால் பாதத்தைத் தரையோடு தேய்த்துக்கொண்டே போவார்கள். திருக்கை பயந்து விலகிவிடும். பிறந்ததிலிருந்து இதே நடை. அதே நடையில் ஹைஹீல்ஸோடு போனபோது, குதி பின்னால் உழுதுகொண்டே வந்தது. ஏரியின் ஒரு பகுதி நாற்று நடுகிற பதத்துக்கு வந்துவிட்டது. பாதிப் பேர் திரும்பி வந்தபோது ஒரு காலில் செருப்பில்லை. மீதிப் பேருக்குச் செருப்பு இருந்தது, குதி இல்லை.

வேலம்மா மட்டும் அதற்கு ஓர் உபயோகம் கண்டுபிடித்தாள். நண்டின் கொடுக்கைக் கட்டும்போது முதுகை மிதித்துப் பிடிக்க வேண்டும். குதியால் அழுத்தினால் வாகாக இருந்தது. மூன்றாவது நண்டு குதியைக் கவ்வி, முறித்து, தூக்கிக்கொண்டு வளைக்குள் போய்விட்டது. “உள்ளூர் உயிரினங்களும் ஆர்வம் காட்டுகின்றன” என்று வாரியத்தின் அறிக்கையில் அது இடம்பெற்றது.

ஜமுனா பஸ் ஏறி வாரியத்துக்குப் போனாள். துறை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் போனாள். துறை என்ற சொல்லைக் கேட்டதும் முன்மேஜைக்காரரின் முகம் மதிய நேரத்துக் கடையின் ஷட்டர் மாதிரி இறங்கியது. அவள் எழுந்து போகும்போது, சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: “செருப்பு வேற கடிக்குது சார்.”

ஷட்டர் மேலே போனது. நாற்காலி வந்தது. டீ வந்தது. இயக்குநரே அறையிலிருந்து வெளியே வந்து, “எங்கே கடிக்கிறது?” என்று ஆவலோடு கேட்டார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து, தன் வரம்புக்குள் வருகிற ஒரு குறையோடு ஒரு ஜீவன் படியேறி வந்தது அன்றைக்குத்தான். அவள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ‘உயர்குதிக் காலணி சௌகரியப் பிரிவு’ என்று ஒரு பிரிவு உருவாகி, அதற்குப் பலகை எழுத ஆள் போய்விட்டது. ஜமுனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிஸ்கட்டை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு ஊர் திரும்பினாள்.

சௌகரியப் பிரிவின் நிபுணர் தேவகி மேடம் அந்த வாரமே வந்து இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஜீப்பிலேயேதான் இருந்தார்.

முதலில் உள்ளே வைக்க மெத்தை வந்தது. மெத்தை தண்ணீரைக் குடித்து இட்லிபோல் உப்பியது. அப்புறம், குதி சேற்றில் புதையாமலிருக்க அதன் அடியில் எவர்சில்வர் தட்டு வைத்து ஒட்டினார்கள். தட்டு சேற்றைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. ஜமுனா நட்ட கம்பம் மாதிரி ஏரியில் நின்றாள். அவள் புருஷன் மாரியும் இன்னும் சிலரும் இடுப்பில் கயிறு கட்டி இழுத்ததில் ஜமுனா வந்தாள், செருப்பு வரவில்லை. தண்ணீர் வற்றுகிற நாட்களில் அது இன்றைக்கும் தெரியும், நாரை வந்து அதன் மேல் நிற்கும்.

மேடம் மனம் தளரவில்லை. வலையில் கட்டுகிற மிதப்புகளை இன்னொரு ஜோடிச் செருப்பின் அடியில் வரிசையாக ஒட்டச் சொன்னார். ஜமுனா தோணியிலிருந்து இறங்கினாள். கால் இரண்டும் மேலே வந்தன. தலை கீழே போனது. மாரி கொண்டையைப் பிடித்துத் தூக்கினான்.

ஜீப்பிலிருந்து கைதட்டல் கேட்டது. “அற்புதம்! கால் சேற்றில் படவே இல்லை! இலக்கு நிறைவேறிவிட்டது!”

“தல பட்டுச்சே மேடம்” என்றான் மாரி.

“தலை எங்கள் வாரியத்தில் வராது.”

பொருளைத் திருத்த முடியாதபோது வாங்குகிறவனைத் திருத்துவது பெரிய கடைகளின் வழக்கம். வாரியமும் அங்கே வந்து சேர்ந்தது. சமுதாயக் கூடத்தில் பெண்களை வரிசையாக நிறுத்தி தேவகி மேடம் வகுப்பெடுத்தார். “வலி காலில் தொடங்கினாலும் அது முகத்தில்தான் வெளியே தெரிகிறது. ஆகவே முகத்தைத் திருத்திவிட்டால் காலைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை. எங்கே, எல்லோரும் சிரியுங்கள். யார் அதிகமாகச் சிரிக்கிறார்களோ அவர்கள் காலில் சௌகரியம் அதிகம். இதை நாங்கள் விஞ்ஞான முறையில் அளக்கிறோம்.”

வேலம்மா சிரிக்கவில்லை. மேடத்தின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் செருப்பு, தட்டையானது.

“நீங்க இன்னா மேடம், இத்தப் போட்டுக்கினு வந்துகீறீங்க?”

“எனக்கு டாக்டர் ஹீல்ஸ் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்மா.”

“அந்த டாக்டர எங்களுக்கும் கொஞ்சம் காட்டு மேடம்.”

அன்று சாயங்காலம் வலைகள் காய்கிற மணலில் ஜமுனா உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மழைக்கு அதிக நாளில்லை. வடக்கே வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

“இன்னாக்கா இது பேஜாரு. துறை கேட்டு வருசம் ஓடுது, ஒரு நாயும் திரும்பிப் பாக்கல. செருப்பு கடிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னேன், மெத்த வருது, தட்டு வருது, ஜீப்பு வருது.”

வேலம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

“அப்புறம் ஏண்டி துறைக்காவத் துறை கேக்கற? செருப்புக்காவத் துறை கேளு.”

ஜமுனா தேய்ப்பதை நிறுத்தினாள்.

வாரியத்தின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். ஏரியைப் படகில் சுற்றிப் பார்த்துவிட்டு, தோணிரேவில் இறங்கி, பெண்கள் ஹைஹீல்ஸில் சௌகரியமாக நடப்பதைக் கண்ணால் காண்கிறார் என்று ஏற்பாடு. ஏற்பாட்டைப் பார்வையிட விஜயராகவன் வந்து தார் விளிம்பில் நின்றார்.

“சார், செருப்பு நல்ல செருப்புதான்” என்று ஆரம்பித்தாள் ஜமுனா. “அடியில கெட்டியா இல்ல, அதான் கடிக்குது.”

“தரை எங்கள் வரம்பில்...”

“தரைய யாரு சார் கேட்டா? செருப்புக்கு அடியில கெட்டியா ஒண்ணு வேணும்னு கேக்கறேன். செருப்புக்கு அடியில ஒட்டிக்கினு இருந்தா அது செருப்புல சேந்ததுதான? மெத்த மாதிரி. தட்டு மாதிரி.”

இயக்குநர் யோசித்தார். அவருடைய மூளைக்கு அந்த வழி பழக்கமான வழியாகவே இருந்தது. “எவ்வளவு வேண்டும்?”

வேலம்மா முன்னே வந்தாள். “கோயில் வாசல்லேந்து ஏரிக்கு அந்தாண்ட கரை வரிக்கும்.”

“என்னம்மா விளையாடுகிறாயா? கரையில் ஒரு பாய் விரிக்கிற அளவு போட்டுத் தருகிறேன்.”

“பாய்ல படுக்கறதுக்கு ஹைஹீல்ஸு இன்னாத்துக்கு சார்? சரி, நடு ஏரி வரிக்கும்.”

“இரண்டு பாய்.”

“வாடி ஜமுனா, நண்டு செத்துடும், போலாம்.” கூடையைத் தூக்கிக்கொண்டு வேலம்மா நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஏலத்தில் இந்த நடைக்கு ஒரு மதிப்பு உண்டு. யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அவர்கள் கையிலிருந்து விலை நழுவிவிடும்.

“ஏம்மா, நில்லம்மா” என்று கூப்பிட்டார் விஜயராகவன்.

அவள் நின்றாள். ஜமுனா ரொம்ப அப்பாவியாக ஒரு கேள்வி கேட்டாள். “சார், அந்தப் பெரிய ஆபீசரு எங்க எறங்குவாரு?”

“இங்கே, கரையில்.”

“தோணி இங்க வராதே சார். அதோ, அங்கதான் தட்டி நிக்கும்.” அவள் கை நீட்டிய இடம் வெகு தூரத்தில் இருந்தது. நடுவில் கறுப்பாகச் சேறு மினுமினுத்தது. “அங்கேந்து அவரு நடந்துதான் வரணும். நீங்களுந்தான கூட வருவீங்க?”

இயக்குநர் சேற்றைப் பார்த்தார். குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது; முகத்தில் சிரிப்பு இல்லை.

“தோணி நிற்கிற இடம் வரைக்கும்” என்றார் தனக்குத்தானே. “அதற்கு ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது.”

“கொறைச்சா கடிக்கும் சார்” என்றாள் வேலம்மா.

மற்ற அலுவலகங்கள் ஏதும் சொல்ல முடியாதபடி அனுமதி உத்தரவை அவரே கைப்பட எழுதினார். அது துறை அல்ல, பாலம் அல்ல, கட்டுமானமே அல்ல. ‘பயனாளிகள் அனைவரின் காலணிகளுக்குமான பொது அடிப்பாகம்.’ பயனாளி தன் வாயால் சௌகரியம் என்று சொன்னால்தான் திட்டம் முடியும் என்று கீழே ஒரு விதியும் சேர்த்து, கரையில் பலகையாகவே நட்டுவைத்தார். அடிப்பாகத்துக்கு ஜல்லி வந்தது. அடிப்பாகத்துக்குக் கம்பி கட்டினார்கள். பெண்கள் தினமும் போய் நின்று பயனாளியின் பார்வையில் யோசனை சொன்னார்கள். அகலம், கூடையோடு இரண்டு பேர் எதிரெதிரே போகிற அளவு இருந்தால்தான் குதி தடுக்காது. ஓரத்தில் பிடிக்கக் கம்பி இருந்தால்தான் நடை நிதானப்படும். முனையில் தண்ணீருக்குள் இறங்கப் படி இருந்தால்தான் உயரம் பழகும்.

“இந்த இரும்பு வளையமெல்லாம் எதற்கு?” என்று தேவகி மேடம் கேட்டார்.

“செருப்பக் கழட்டி மாட்டறதுக்கு மேடம்” என்றாள் ஜமுனா. கயிறும் படகும் அந்தப் பேச்சில் வரவே இல்லை.

ஆண்டு விழா அமர்க்களமாக நடந்தது. பெரிய அதிகாரியின் படகு பொது அடிப்பாகத்தின் முனையில் வந்து அணைந்தது. அவர் ஷூ நனையாமல் இறங்கினார். பின்னால் விஜயராகவனும் ஷூ நனையாமல் இறங்கினார். சிவப்புச் செருப்பு மாட்டிய பெண்கள் மாலையோடு எதிர்கொண்டு நடந்தார்கள். காலுக்கடியில் காய்ந்த சிமெண்டு. யாரும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை நினைக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் சிரித்தார்கள்.

“இந்தச் சிரிப்பைப் பாருங்கள்” என்று மைக்கில் முழங்கினார் விஜயராகவன். “எவ்வளவோ பேர் கேட்டார்கள், இந்த மக்களுக்கு வேண்டியது துறைதானே, ஏன் செருப்பு கொடுக்கிறீர்கள் என்று. துறை கட்டிக் கொடுத்தால் அதோடு வேலை முடிந்துவிடும். செருப்பு கொடுத்தால் அதைச் சரிசெய்துகொண்டே இருக்கலாம். ஒரு வாரியம் வாழ வேண்டுமென்றால் இதை யோசிக்க வேண்டாமா?”

பெரிய அதிகாரி பலமாகத் தலையாட்டினார்.

மழை பிடித்துக்கொண்டது. இறால் ஏறியது. தோணிகள் முனைக்கே வந்து வளையத்தில் கட்டிக்கொண்டன. ஜமுனா படியில் ஏறி, கூடையோடு, வெறுங்காலில், கால் அலம்பியதுபோல் கரைக்கு வந்தாள். அந்த மழைக்கு ஊரில் ஒரு காலையும் சிப்பி கிழிக்கவில்லை.

அதுதான் கண்ணை உறுத்தியது. மீன் அலுவலகமும் சேற்று அலுவலகமும் பறவை அலுவலகமும் ஒரே வாரத்தில் விழித்துக்கொண்டன. எங்களுடையதல்ல என்று சொன்ன மூவரும் இப்போது எங்களுடையது என்றார்கள். எங்களுடையதில் நீ யார் கட்ட என்று விஜயராகவனைப் பிடித்தார்கள். திட்டம் முடிந்தது என்று அறிவித்து, அடிப்பாகத்தை உடைத்து எடுத்துக்கொண்டு போவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

பொக்லைன் முன்னால் வர, ஜீப் பின்னால் வந்தது. ஊருக்குள் அது நுழைவதற்குள் செய்தி முனைக்குப் போய்விட்டது. விஜயராகவன் தார் விளிம்புக்கு வந்தபோது, அடிப்பாகத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பெண்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். எல்லோர் காலிலும் சிவப்பு ஹைஹீல்ஸ். குதி முறிந்தவள் கட்டையைச் செதுக்கிக் கட்டியிருந்தாள். ஒரு செருப்பை இழந்தவள் மீந்த ஒன்றைப் போட்டுக்கொண்டு சாய்ந்து நின்றாள்.

“எல்லோரும் ஓரமாக நில்லுங்கள். திட்டம் முடிந்துவிட்டது.”

“எப்டி சார் முடியும்?” என்றாள் ஜமுனா. “பயனாளி தன் வாயால சௌகரியம்னு சொன்னாத்தான் முடியும்னு நீங்கதான ரூல் போட்டீங்க. போர்டுலயே எழுதிக் கீதே.”

இயக்குநர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவர் எழுதியதுதான். திட்டம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதியது. வேறு வழியில்லாமல், சிமெண்டின் மேல் ஏறி அவளருகே வந்து கேட்டார்.

“சரி. சௌகரியமாக இருக்கிறதா?”

“கடிக்குது சார்.”

“பொய்! அன்றைக்கு மேலிடத்து அதிகாரிக்கு முன்னால் சிரித்தீர்களே!”

“மொகம் சிரிச்சுது. காலு கடிச்சுது. மொகம் உங்க வாரியத்துல வருதா சார்?”

வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். விஜயராகவன் குரலை உயர்த்தினார். “எங்கே கடிக்கிறது? காட்டு! காட்டாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவேன்!”

ஜமுனா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது செருப்பைக் கழற்றினாள். காலை மடக்கி, உள்ளங்காலை அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள். குதியிலிருந்து பெருவிரல் அடி வரைக்கும் தோல் கோணலாகச் சேர்ந்து, வெளுத்து, தடித்துக் கிடந்தது.

பாத நல வாரியத்தின் இயக்குநர் தன் பணிக்காலத்தில் முதல்முறையாக ஒரு பாதத்தைப் பார்த்தார். சிப்பி கிழித்ததா, செருப்பு கடித்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இதற்கு முன் இன்னொரு பாதத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“எனக்கும் காட்டவா சார்?” என்று வேலம்மா காலைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகக் கம்பியைப் பிடித்தாள், செருப்பைக் கழற்றினாள். வரிசை முழுக்க உள்ளங்கால்கள் அவரைப் பார்த்தன. தழும்பு இல்லாத கால் ஒன்றுகூட இல்லை.

பொக்லைன்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

இயக்குநர் பொக்லைனைத் திரும்பிப் போகச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு, மற்ற அலுவலகங்களுக்குப் பதில் எழுதச் சொன்னார்: பயனாளிகளுக்கு இன்னும் சௌகரியம் ஏற்படாததால் அடிப்பாகத்தைத் தற்போது அகற்ற இயலாது. மாதா மாதம் நேரில் ஆய்வு செய்யப்படும்.

அப்படியே நடக்கிறது. மாதா மாதம் ஜீப்பின் ஹாரன் கேட்டதும் பெண்கள் வளையத்தில் மாட்டியிருக்கிற சிவப்புச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். விஜயராகவன் அடிப்பாகத்தின் மேல் முனை வரைக்கும் நடந்து, ஒவ்வொருத்தியாகக் கேட்டு, ஜமுனாவிடம் வந்து நிற்பார். போன மாதம் கொஞ்சம் அலுத்துப்போய், மெல்லக் கேட்டார்:

“இன்னும் எத்தனை நாளைக்கும்மா கடிக்கும்?”

ஜமுனா கூடையிலிருந்த இறாலை உதறிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

“சிமெண்டு தேயற வரிக்கும் சார்.”